பன்னிரண்டாவது தலை

என் அப்பா யாரையும் முன்பக்கமாக அடையாளம் கண்டுகொள்ள மாட்டார். எதிரே வந்து நின்று "என்ன, சௌக்கியமா?" என்று கேட்கிறவரைப் பார்த்து மரியாதைக்குச் சிரித்துவைப்பார். அந்த ஆள் விடைபெற்றுத் திரும்பி நாலடி நடந்த பிறகுதான், "அடடே, நம்ம தபால்காரரு!" என்று கத்துவார். என் கல்யாணத்தன்று வாசலில் நின்று சம்பந்தி வீட்டாரை வரவேற்றவர், என் மாமனாரையே யாரென்று தெரியாமல் உள்ளே அனுப்பிவைத்தார். அவர் முதுகைக் காட்டி நடந்ததும் பின்னாலேயே ஓடிக் கட்டிக்கொண்டார். மாமியார் இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவார்.

குற்றம் அப்பாவுடையது இல்லை. இருபத்தாறு வருடங்கள் மலைச்சரிவில் இருந்த ராணுவப் பயிற்சி முகாமில் அவர் முடிவெட்டினார். தகரக் கூரை போட்ட நீள அறை, ஜன்னலைப் பார்த்தபடி நாலு நாற்காலிகள். கண்ணாடி கிடையாது. எல்லாருக்கும் ஒரே வெட்டுதான், அதைப் பார்த்து யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று முகாம் நினைத்திருக்கும். வருகிறவன் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்காருவான், ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்ப்பான், வேலை முடிந்ததும் நேராக வாசலைப் பார்த்து நடப்பான். நாற்காலிக்குப் பின்னால் நிற்கிற ஆளைத் திரும்பிப் பார்க்கிற வழக்கமே அங்கே இல்லை. ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் அப்பாவின் கைக்குக் கீழே உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் பின்னந்தலைகள், சுழிகள், வடுக்கள், மச்சங்கள்.

அப்பாவின் பெருமை ஒன்றே ஒன்று. "இருபத்தாறு வருஷம். ஒரு சொட்டு ரத்தம் பார்த்ததில்ல." இதைச் சொல்லாமல் அவர் ஒரு விருந்தில் சாப்பிட்டதில்லை, ஒரு பயணத்தில் பக்கத்து இருக்கைக்காரரை நிம்மதியாக விட்டதில்லை. எங்கள் தெருவில் அவருக்குச் 'சொட்டு' என்றே பட்டப்பெயர். என் கணவர் காலையில் சவரம் செய்து முகத்தில் இரண்டு கீறலோடு வந்தால் போதும், "என்ன மாப்பிள்ளை, யாரோடயாவது சண்டையா?" என்று ஆரம்பித்துவிடுவார். கடைசியில் என் கணவர் தாடி வளர்த்துக்கொண்டார்.

முகாம் வேறு இடத்துக்குப் போய்ப் பல வருடங்களாயின. அந்த மலைச்சரிவை இப்போது போர் நினைவுப் பூங்கா ஆக்கியிருக்கிறார்கள். சென்ற வருடம் பூங்கா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. முகாமில் வேலை பார்த்த சமையல்காரர், சலவைக்காரர், முடிவெட்டுகிறவர் ஆகியோருக்கும் அவரவர் அறையில் ஒரு பலகை வைக்கப்போகிறார்களாம். அப்பாவைப் பற்றி இரண்டு வரி எழுதியனுப்பும்படி கேட்டிருந்தார்கள். நான் குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் மேஜையில் இருபது வருடமாக உட்கார்ந்திருப்பவள். சுருக்கமாக எழுத எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 'இந்த அறையில் இருபத்தாறு ஆண்டுகள் வீரர்களுக்கு முடிதிருத்தினார். ஒரு சொட்டு ரத்தம் சிந்தியதில்லை' என்று எழுதி, கீழே அப்பாவின் பெயரைப் போட்டு அனுப்பினேன். அப்பாவிடம் காட்டவில்லை. நேரில் பார்த்து அசந்துபோகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பலகைத் திறப்பு நாளன்று காலை பத்து மணிக்கு நாங்கள் மலையேறினோம். அப்பாவுக்கு எழுபத்தொன்பது வயது. கைத்தடி எடுத்துவரச் சொன்னால், "நான் என்ன ஆடா மேய்க்கப் போறேன்?" என்றார். பாதி வழியில் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு காலத்தில் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பறவைகூட உட்காராத சரிவு அது. இப்போது புல் போட்டு, படிக்கட்டுக் கட்டி, உட்கார மரப் பெஞ்சுகள் போட்டிருக்கிறார்கள். பதுங்குகுழிகளை மூடாமல் அப்படியே விட்டுச் சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். சுடும் பயிற்சி நடந்த மேட்டின் அடியில் ஆளுயரக் கருங்கல் சுவர். அதில் திரும்பி வராதவர்களின் பெயர்கள். அப்பா சுவர்ப் பக்கம் போகவே இல்லை. "முதல்ல நம்ம ரூமப் பாத்துடலாம்" என்று இழுத்துக்கொண்டு போனார்.

அந்த அறைக்குப் படக்கூடம் என்று பெயர் மாற்றியிருந்தார்கள். தகரக் கூரை அப்படியே இருந்தது. ஒரு நாற்காலியை மட்டும் துடைத்து ஓரத்தில் வைத்திருந்தார்கள். கதவுக்குப் பக்கத்தில் பலகை, மேலே துணி மூடி. எதிர்ச் சுவர் முழுக்க ஒரே ஒரு படம். பயிற்சி மைதானத்தின் விளிம்பில் பன்னிரண்டு சிப்பாய்கள், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, மலையைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எடுத்தவர் பின்னாலிருந்து எடுத்திருக்கிறார். பன்னிரண்டு பின்னந்தலைகள். படம் எடுத்துப் பதினோரு நாளில் எல்லாரும் போருக்குப் போனார்கள். பெயர் தெரிந்தவர்களில் எட்டுப் பேர் திரும்பவில்லை என்று கீழே எழுதியிருந்தது.

அப்பா படத்தின் முன்னால் நின்றார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். சொந்த ஊர்க்காரர்களை வெளியூர்ச் சந்தையில் பார்த்ததுபோல ஒரு மலர்ச்சி.

"இந்தா, மூணாவது இருக்கான் பாரு! கத்தி காதுகிட்ட வந்தாலே கூச்சப்படுவான். கூச்சம் தெரியாம இருக்கப் பாட்டு வேற பாடுவான். பாட்டக் கேட்டு எனக்குத்தான் கை உதறும். ஏழாவது ஆளுக்குப் பிடரியில ஒரு வடு, சின்ன வயசுல சைக்கிள்ல இருந்து விழுந்தது. அஞ்சாவது ரெட்டைச் சுழி. சீப்பு இந்தப் பக்கம் போனா முடி அந்தப் பக்கம் போகும். அவனுக்கு வெட்டுறதும் ஒண்ணு, ஓடுற கோழிக்கு வெட்டுறதும் ஒண்ணு."

பின்னால் ஒருவர் சிரித்தார். அறுபத்தைந்து வயதுக்கு மேலிருக்கும், நிமிர்ந்த உடம்பு, சட்டையில் பதக்கங்கள். அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். வழக்கம்போல ஒன்றும் தெரியவில்லை.

"ஐயா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க" என்றார்.

அவர் திரும்பினார். முடி நரைத்திருந்தாலும் சுழிகள் இரண்டும் இருந்த இடத்தில் இருந்தன.

"அஞ்சு!" என்று அப்பா கூவினார். "நீ உயிரோட இருக்கியா!"

முன்னாள் சிப்பாய் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கூடத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். பூங்கா அதிகாரி, முழுக்கைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை போட்ட கண்டிப்பான மனிதர், அவரே தட்டினார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, மறைப்பானேன். இவர் என் அப்பா என்று ஒலிபெருக்கியில் சொல்லலாம்போல இருந்தது.

அப்பா ஒவ்வொருவராகப் பதினொன்றுவரை வந்தார். படத்தின் கீழே எண்களும் பெயர்களும் இருந்தன. பன்னிரண்டுக்கு நேரே மட்டும் 'தெரியவில்லை' என்று இருந்தது. வரிசையின் கடைசியில், மற்றவர்களிடமிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறான் அந்தப் பன்னிரண்டாவது ஆள். மற்றவர்களின் சட்டை உலர்ந்திருக்க, இவன் முதுகு மட்டும் நனைந்து ஒட்டியிருக்கிறது. வலது காதுக்குக் கீழே, கழுத்தில், கடுகளவு ஒரு வெள்ளைப் புள்ளி.

"அந்தப் புள்ளி படத்துல உள்ள பழுது" என்றார் அதிகாரி. "அடுத்த மாசம் சரிபண்ணிடுவோம்."

"அது என் தம்பிங்க" என்று ஒரு குரல் வந்தது.

படத்தின் அந்த ஓரத்துக்கு நேர் எதிரே, பெஞ்சில், எழுபது தாண்டிய ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். கழுத்தில் தையல்காரர்களின் அளவுநாடா தொங்கியது. கழற்ற மறந்து வந்திருப்பார்போல. அதிகாரி பெருமூச்சு விட்டார். இந்த அம்மாவை அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"மாசாமாசம் வந்து சொல்றேன், எழுத மாட்டேங்கறாங்க. தம்பி பேரு கீழ கல்லுல இருக்கு. ஆனா அவன் படம்னு எங்க வீட்ல ஒண்ணுகூட இல்ல. வெள்ளத்துல எல்லாம் போயிடுச்சு. இது ஒண்ணுதான் அவன். அவன் பேரப் போடுங்கன்னு கேக்கறேன்."

"அம்மா, முதுகப் பார்த்துப் பேர் போட முடியுமா? அன்னிக்கு அங்க இருந்தவங்க யாராச்சும் சொல்லணும். அதான் விதி" என்றார் அதிகாரி. ஐந்தாம் எண்காரரைப் பார்த்தார். அவர் வருத்தத்தோடு தலையாட்டினார்.

"இவன் எங்க பிரிவு ஆளே இல்லம்மா. கடைசியில வந்து உக்காந்தான். யாருன்னு கேக்கறதுக்குள்ள விசில் ஊதிட்டாங்க."

அந்த அம்மா தம்பியின் பெயரைச் சொன்னார். எல்லாரும் அப்பாவைப் பார்த்தோம். பதினொரு தலைக்கும் கதை சொன்னவராயிற்றே.

அப்பா படத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். "தெரியல" என்றார். "எத்தனையோ பேர் வந்தாங்க." சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே நடந்தார்.

இருபது வருடமாகப் புகார் மேஜையில் இருக்கிறேன். மீட்டரைத் திருகிவைத்துவிட்டுத் தண்ணீரே வரவில்லை என்று அழுகிறவர்களை எல்லாம் பார்த்தாகிவிட்டது. பொய் எனக்குக் குரலிலேயே தெரியும். என் அப்பா பொய் சொன்னார்.

அவரைக் கருங்கல் சுவரின் முன்னால் கண்டுபிடித்தேன். இரண்டாவது வரிசையில் ஒரு பெயரின்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா சொன்ன பெயர்.

"அப்பா, தெரியும்தானே?"

"தெரியும்."

"பின்ன ஏன் தெரியலன்னீங்க?"

 பெயரைப் பார்த்தபடியே சொன்னார்.

"அது பழுது இல்லம்மா. பேப்பர். செய்தித்தாள் ஓரத்துல எழுத்து இல்லாத வெள்ளை இருக்கும்ல, அதக் கிழிச்சு நான்தான் ஒட்டினேன். ரத்தம் நிக்கறதுக்கு."



"யாரும் அந்த நாற்காலியில திரும்ப மாட்டாங்க. அவன் திரும்பினான். கத்தி கழுத்துல இருக்கும்போதே திரும்பி, என் மூஞ்சியப் பார்த்து, தன் பேரச் சொல்லி, 'உங்க பேரு என்னண்ணா?'ன்னு கேட்டான். அந்த ரூம்ல யாருமே என்கிட்ட கேக்காத கேள்வி. கத்தி இறங்கிடுச்சு."

முகாமில் ஒரு விதி இருந்தது. கத்தி பட்டு ரத்தம் வந்தால் மருத்துவ அறைக்கு எழுத வேண்டும். எழுதினால் முடிவெட்டுகிறவர் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். முன்பு ஒருமுறை ஒரே கத்தியால் சொறி பரவிப் பாதி முகாம் படுத்ததிலிருந்து அப்படி. அப்போது எனக்கு இரண்டு வயது. தம்பி வயிற்றில் இருந்தான்.

"படிகாரத்த வெச்சேன், நிக்கல. என் கை நடுங்குனதப் பார்த்துட்டு, 'விடுங்கண்ணா, நான் பாத்துக்கறேன்'னு எழுந்து போயிட்டான். வரிசையில மேலதிகாரி கழுத்தப் பார்த்து, என்னடான்னு கேட்டாரு. 'முள்வேலியில கிழிச்சுக்கிட்டேன்'னுட்டான். ஜன்னல் வழியா எனக்குக் கேக்குது. கவனமில்லாத பயன்னு, மூட்டையோட மலைய மூணு சுத்து ஓடச் சொன்னாரு. நல்ல வெயில். மூணும் ஓடினான். மூச்சு வாங்கி வந்து எந்தப் பிரிவுன்னு பாக்காம அந்த வரிசையில உக்காந்தான். அப்பதான் படம் எடுத்தாங்க."

"நீங்க யார்கிட்டயும் சொல்லலையா?"

"வருஷக் கடைசியில பெரிய அதிகாரி எல்லார் முன்னாடியும் என் கையக் குலுக்கி, இந்த ஆள் ஒரு சொட்டு ரத்தம் பாக்காதவர்னு சொன்னாரு. இல்லீங்கன்னு சொல்ல வாய் வரல. அப்புறம் அதையே நானும் சொல்ல ஆரம்பிச்சேன். சொல்லச் சொல்ல உண்மை மாதிரியே ஆயிடுச்சு." விரலைக் கல்லிலிருந்து எடுத்தார். "செத்தவங்க பட்டியல சாப்பாட்டுக் கூடத்து வெளியில ஒட்டினாங்க. மத்தவங்க எல்லாம் எனக்குத் தலை. அவன் ஒருத்தன்தான் பேரு. அதப் படிச்சேன். படிச்சுட்டு வேலைக்குப் போயிட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று நேர்மையாகச் சொன்னால், முதலில் என்மேல்தான். பதினோரு மணிக்குத் துணியை விலக்கப்போகிறார்கள். அந்தப் பலகையில் இருப்பது நான் எழுதிய வரி. அதைத்தான் முதலில் நினைத்தேன், அந்த அம்மாவை அல்ல. வெட்கமாக இருந்தது.

"அப்பா, அந்தப் பலகையில என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டு, நான் எழுதியனுப்பியதைச் சொன்னேன்.

அப்பா என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "ரெண்டே வரியில எவ்வளவு அழகா எழுதியிருக்க" என்றார். 

"சொல்லிடுங்கப்பா. பலகை போனாப் போகட்டும்."

"உன் வீட்டுக்காரர் சிரிப்பாரே."

"சிரிக்கட்டும். அவருக்குத்தான் தாடி வந்தாச்சே."

 அப்பா என் தோளைப் பிடிக்காமல் படியேறினார்.

கூடத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். அதிகாரி ஒரு வரவேற்புரை படித்தார். துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டு, "ஐயா இரண்டு வார்த்தை பேசுவார்" என்றார். அப்பா பலகைக்கு முன்னால் போய், துணியை அவர் கையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"இத எடுக்காதீங்க. உள்ள இருக்கறது பொய். என் பொண்ணு சொன்னது இல்ல, நான் சொன்னது."

பிறகு சொன்னார். சுவருக்கு முன்னால் என்னிடம் சொன்னதை எல்லாம், திருப்பம், கத்தி, காகிதம், முள்வேலி, மூன்று சுற்று என்று ஒன்றையும் விடாமல் சொன்னார். ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவர், முதுகு வளையாமல் நின்று, தன் பிழையைத் தானே எடுத்துவைத்தார். கைதட்டு வாங்கின அதே இடத்தில்.

அதிகாரி திணறினார். "ஐயா, வருத்தமான விஷயம்தான். ஆனா கமிட்டி கேப்பாங்க. படத்துல இருக்கறது இந்தம்மாவோட தம்பிதான்னு எப்படி..."

அப்பா பெஞ்சைப் பார்த்துத் திரும்பினார்.

"அம்மா, உங்க தம்பி நாற்காலியில உக்காரும்போதே ஒண்ணு சொன்னான். எங்க அக்கா தைக்கறவ, சின்னப்ப துணி வெட்டுற கத்திரிக்கோலால எனக்கு முடி வெட்டுவா, ஒருநாள் இடது காது நுனியவும் சேர்த்து வெட்டிட்டா, அப்பா அடிப்பாருன்னு கதவு இடிச்சதுன்னு நான்தான் பொய் சொன்னேன்னு. நுனி இல்லாத காத நான் பார்த்தேன். சரியாம்மா?"

அந்த அம்மா எழுந்தார். அளவுநாடா ஒரு பக்கமாகச் சரிந்து கீழே விழுந்தது.

"அது எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும்" என்றார். "எங்க அம்மாகிட்டகூட நான் சொன்னதில்ல." அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவருக்கு. "உங்களுக்காகவும் அதே மாதிரிப் பொய்யத்தான் சொல்லியிருக்கான், திருட்டுப்பய."

ஐந்தாம் எண்காரர் விறைப்பாக நின்று படத்துக்கு ஒரு சல்யூட் வைத்தார். அதிகாரி பேனாவை எடுத்தார். சாட்சி என்று போட்ட இடத்தில் அப்பா கையெழுத்திட்டபோது அவர் கை நடுங்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இருபத்தாறு வருடப் பெருமை போய்விட்டது என்று யாராவது நினைத்திருந்தால் அவர்கள் என் அப்பாவைப் பார்க்கவில்லை. என் ஆயுளில் அவரை நினைத்து நான் அந்த அளவு பெருமைப்பட்டதில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பன்னிரண்டாம் எண்ணுக்கு நேரே பெயர் வந்தது. வெள்ளைப் புள்ளியை அழிக்கவில்லை. புதுப் பலகைக்கும் நான்தான் எழுதிக்கொடுத்தேன். 'இந்த அறையில் இருபத்தாறு ஆண்டுகள் வீரர்களுக்கு முடிதிருத்தினார். ஒரே ஒருமுறை ரத்தம் வந்தது. அந்தப் பழியை ஒரு வீரர் தன்மேல் போட்டுக்கொண்டார்.' அப்பா அதைப் படித்துவிட்டு, முதலில் எழுதியதைவிட இது கொஞ்சம் நீளம் என்று குறை சொன்னார். வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளையைக் கூப்பிட்டுச் சவரக்கத்தி பிடிக்கக் கற்றுத்தருவதாகச் சொன்னார். அவர் மறுத்துவிட்டார்.

ஆனால் அன்றைக்கு, கூட்டம் கலைந்த பிறகு, ஒரு வேலை மீதி இருந்தது. அந்த அம்மா அப்பாவின் பக்கத்தில் வந்தார்.

"அண்ணா, அவன் கேட்டதுக்கு நீங்க பதில் சொன்னீங்களா?"

"எதுக்கும்மா?"

"உங்க பேர."

அப்பா யோசித்தார். "இல்லம்மா. ரத்தம் வந்ததும் பேச்சே நின்னு போச்சு. அவன் போயிட்டான்."

"இப்ப சொல்லுங்க."

அப்பா அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. நாற்காலியைத் தாண்டிப் படத்தின் கடைசி ஓரத்துக்குப் போனார். வேலை செய்யும்போது நிற்கிற இடத்தில், வலது தோளுக்குப் பின்னால், ஒரு அடி தள்ளி நின்றார். நனைந்த சட்டையையும் காதுக்குக் கீழே தான் ஒட்டிய காகிதத்தையும் பார்த்தார். பிறகு, பக்கத்தில் இருப்பவனுக்கு மட்டும் கேட்கிற குரலில், தன் பெயரைச் சொன்னார்.